மேரி வில்டன்

மேரி எஃபி வில்டன் (சனவரி 12, 1839 - மே 22, 1921) இங்கிலாந்தைச் சேர்ந்த நகைச்சுவை நடிகை, நாடக அரங்க இயக்குநர், எழுத்தாளர் ஆவார். திருமணத்திற்குப் பின் திருமதி பான்கிராஃப்ட் என்றும், 1897 முதல் லேடி பான்கிராஃப்ட் என்றும் அழைக்கப்பட்டார். இலண்டனின் கேலி நாடக மேடைகளில் சிறுவன் வேடங்களில் நடித்துப் புகழ்பெற்ற இவர், 26ஆவது அகவையில் கடன் வாங்கிய பணத்தைக் கொண்டு கைவிடப்பட்ட நிலையில் இருந்த ஒரு சிறு அரங்கைக் குத்தகைக்கு எடுத்து, அதை நகரின் முதன்மையான நகைச்சுவை நாடக அரங்காக மாற்றினார். தாமஸ் வில்லியம் ராபர்ட்சனின் நாடகங்கள் இவருடைய அரங்கிலேயே வாழ்வு பெற்றன. அன்றாட வாழ்வை ஒத்த மேடையமைப்பு, இயல்பான நடிப்பு, குழுவாக ஒத்திகை பார்க்கும் முறை ஆகியவை ஆங்கில மேடையில் நிலைபெற இவரது அரங்கு பெரிதும் காரணமாயிற்று.

பிறப்பு: சனவரி 12, 1839, டான்காஸ்டர், இங்கிலாந்து
இறப்பு: மே 22, 1921
பணி: நடிகை, அரங்க இயக்குநர், நாடகாசிரியர்
கணவர்: ஸ்குவையர் பான்கிராஃப்ட் (திருமணம் 1867)
அறியப்படுவது: பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அரங்கு (1865 - 1880), ஹேமார்க்கெட் அரங்கு (1880 - 1885)

இளமைக் காலம்

மேரி வில்டனின் பெற்றோர் இருவரும் ஊர் ஊராகச் சென்று நாடகம் ஆடிய நடிகர்கள். வருமானம் நிலையற்றதாக இருந்ததால் குழந்தைப் பருவத்திலேயே மேரியும் மேடையேற்றப்பட்டார். பள்ளிக் கல்வி பெறும் வாய்ப்பு அவருக்கு அதிகம் கிட்டவில்லை. பாடல்களையும் நாடக வசனங்களையும் மனனம் செய்து ஒப்புவிப்பதே அவரது இளமைக் கல்வியாக இருந்தது.

அக்காலத்தின் பெரும் துன்பியல் நடிகரான வில்லியம் சார்லஸ் மக்ரீடி நடித்த மாக்பெத் நாடகத்தில் ஃபிளியன்ஸ் என்னும் சிறுவன் வேடத்தை மேரி ஏற்றார். வளர்ந்த பின் எந்த வேடத்தில் நடிக்க விரும்புகிறாய் என்று மக்ரீடி கேட்டதாகவும், லேடி மாக்பெத் என்று தாம் விடையளித்ததாகவும் அவர் தமது நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். அந்தக் கண்களை மாற்றிக்கொள்ளாவிட்டால் பார்ப்பவர்கள் அழுவதற்குப் பதிலாகச் சிரித்துவிடுவார்கள் என்று மக்ரீடி சொன்னாராம். சிரிப்பை வரவழைக்கும் முகமும் குரலும் மேரியின் செல்வமாக விளங்கின. பின்னர் அவையே அவரை ஒரே வகை வேடத்துக்குள் அடைக்கவும் காரணமாயின.

கேலி நாடக நடிகை

மேரி வில்டன் 1856 செப்டம்பரில் இலண்டன் லைசியம் அரங்கில் முதன்முதலாகத் தோன்றினார். பெல்ஃபிகோர் என்னும் நாடகத்தில் ஹென்றி என்ற சிறுவனாகவும், ஷேக்ஸ்பியரின் கதையைக் கேலி செய்யும் ஒரு நாடகத்தில் பெர்டிட்டாவாகவும் நடித்தார். 1858 முதல் ஸ்ட்ராண்ட் அரங்கில் நிலையான இடம் பெற்றார்.

ஸ்ட்ராண்ட் அரங்கின் சிறப்பு பர்லெஸ்க் எனப்படும் கேலி நாடகம் ஆகும். மக்கள் நன்கறிந்த ஓர் இசை நாடகத்தையோ புராணக் கதையையோ எடுத்துக்கொண்டு, எதுகை மோனையுடன் கூடிய சிலேடை வசனம், அன்றைய பாட்டு மெட்டுகள், நடனம் ஆகியவற்றால் அதை நையாண்டி செய்வது இதன் முறை. கதைத் தலைவனாகிய இளைஞன் வேடத்தைப் பெரும்பாலும் ஒரு பெண்ணே ஏற்பார். நீண்ட பாவாடை அணிவதே பெண்ணின் ஒழுக்கம் எனக் கருதப்பட்ட விக்டோரியா காலத்தில், குட்டையான ஆணுடை அணிந்து மேடையில் தோன்றும் நடிகையைக் காணக் கூட்டம் கூடியது. ஆனால் அத்தகைய நடிகைக்குச் சமூகத்தில் மதிப்புக் கிடைக்கவில்லை.

ஸ்ட்ராண்ட் அரங்கின் கேலி நாடகங்கள் பலவற்றை ஹென்றி ஜேம்ஸ் பைரன் எழுதினார். ரொசீனியின் இசை நாடகம் ஒன்றைக் கேலி செய்து அவர் 1858இல் எழுதிய 'மெய்ட் அண்ட் தி மாக்பை' நாடகத்தில் மேரி வில்டன் பிப்போ என்னும் சிறுவனாக நடித்தார். அதைப் பார்த்த எழுத்தாளர் சார்லஸ் டிக்கின்ஸ், தம் நண்பர் ஜான் ஃபார்ஸ்டருக்கு எழுதிய கடிதத்தில் மேரியின் நடிப்பை மிகவும் வியந்து பாராட்டினார். ஒரு பெண் சிறுவனாக நடிப்பதில் இயல்பாக நேரக்கூடிய விரசம் சிறிதும் இன்றி, முழுக்க முழுக்க ஒரு குறும்புக்காரச் சிறுவனாகவே அவர் தோன்றியதாக டிக்கின்ஸ் கருதினார். 1861இல் பைரன் எழுதிய அலாவுதீன் கேலி நாடகத்திலும் மேரியே அலாவுதீனாக நடித்தார். இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் காலத்தில் ஆடப்படும் அலாவுதீன் நாடகங்களில் இன்றும் இடம்பெறும் 'விதவை டுவாங்கி' என்னும் தாய்ப் பாத்திரத்தின் பெயர் இந்நாடகத்திலேயே முதலில் வந்தது.

ஒரே வேடத்தின் சிறை

புகழ் பெருகியபோதும் மேரிக்கு மனநிறைவு ஏற்படவில்லை. ஆண்டுக்கு ஆண்டு சிறுவன் வேடமே கிடைத்தது. பெண்ணாக, உரைநடை வசனம் பேசும் நல்ல நகைச்சுவை நாடகங்களில் நடிக்க அவர் விரும்பினார். இலண்டனின் அரங்க முதலாளிகளை அணுகிக் கேட்டபோது ஒருவரும் இசையவில்லை. ஹேமார்க்கெட் அரங்கை நடத்திவந்த ஜான் பால்ட்வின் பக்ஸ்டன், கேலி நாடகச் சிறுவனாக அன்றி வேறெவ்வாறும் அவரைத் தம்மால் எண்ணிப் பார்க்க இயலவில்லை என்று கூறிவிட்டார். மக்கள் விரும்புவதை விட்டு வேறொன்றைத் தரும் துணிவு முதலாளிகளுக்கு இல்லை.

பிறர் அரங்கில் விரும்பிய வேடம் கிடைக்காது என்றால் சொந்தமாக ஓர் அரங்கை நடத்துவதே வழி என்ற முடிவுக்கு மேரி வந்தார். இதற்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. நடிகையும் பாடகியுமான மேடம் வெஸ்ட்ரிஸ் 1831இல் இலண்டன் ஒலிம்பிக் அரங்கை ஏற்று நடத்தினார். அவரிடம் பயின்ற லாரா கீன் அமெரிக்கா சென்று நியூயார்க்கில் தம் பெயரிலேயே அரங்கு நடத்தினார். எனினும் இத்தகைய முயற்சியில் இறங்கிய பெண்கள் மிகச் சிலரே.

பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அரங்கு

தொடக்கம்

மேரியிடம் சேமிப்பு ஏதும் இல்லை. அவருடைய சகோதரியின் கணவர் 1,000 பவுண்டு கடனாகக் கொடுத்தார். பைரன் பங்காளியாகச் சேர்ந்தார். அவர் பணம் எதுவும் போடவில்லை. இந்த அரங்குக்கு மட்டுமே நாடகம் எழுதித் தருவது அவருடைய பங்காக இருந்தது. இழப்பு நேர்ந்தால் அதைத் தாங்க வேண்டியவர் மேரி ஒருவரே.

அவர்கள் தேர்ந்தெடுத்தது டாட்டன்ஹாம் தெருவில் இருந்த குயின்ஸ் அரங்கு. 18ஆம் நூற்றாண்டில் இசை அரங்காகத் தோன்றிப் பலர் கைமாறிய இக்கட்டடம், அப்போது மலிவான மெலோடிராமாக்கள் ஆடும் இடமாகத் தாழ்ந்திருந்தது. மக்கள் இதைக் 'குப்பைக் குழி' என்னும் பொருள்பட 'டஸ்ட் ஹோல்' என்று ஏளனமாக அழைத்தனர். வார வாடகை 20 பவுண்டு.

பட்டத்து இளவரசரின் பெயரை அரங்குக்குச் சூட்ட அரச இசைவு பெறப்பட்டது. உட்புறம் வெள்ளையும் நீலமுமாகப் புதுப்பிக்கப்பட்டது. முன்வரிசை இருக்கைகளின் சாய்மானத்தில் வெள்ளைப் பின்னல் துணிகள் விரிக்கப்பட்டன. தரையில் கம்பளம் இடப்பட்டது. நடுத்தர வகுப்புக் குடும்பத்தினரின் வரவேற்பறையைப் போல அரங்கு காட்சியளித்தது. வசதியுள்ள குடும்பங்கள் நாடகம் பார்ப்பதைத் தவிர்த்துவந்த காலம் அது. அவர்களைத் திரும்ப அழைத்து வருவதே மேரியின் நோக்கம். எல்லாம் முடிந்தபோது கடன் தொகையில் ஏறத்தாழ 150 பவுண்டு மட்டுமே எஞ்சியிருந்தது.

ஏப்ரல் 15, 1865 அன்று அரங்கு திறக்கப்பட்டது. அன்றைய நிகழ்ச்சியில் மூன்று நாடகங்கள் இடம்பெற்றன. அவற்றுள் ஒன்று பைரன் எழுதிய கேலி நாடகம். விட்டுவிட நினைத்த கேலி நாடகத்தையே முதலில் கைக்கொள்ள வேண்டியிருந்தது. மேரியின் பெயரை நம்பி வருபவர்கள் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள் என்பது பைரனின் கணிப்பு. அந்தப் பழைய வேடம் ஈட்டிக் கொடுத்த பணமே புதிய முயற்சிக்கு ஆதாரமாயிற்று. லிவர்பூலில் நடித்துவந்த ஸ்குவையர் பான்கிராஃப்ட் என்னும் இளம் நடிகரும் இக்குழுவில் சேர்ந்து அன்றிரவே இலண்டன் மேடையில் அறிமுகமானார்.

ராபர்ட்சனின் வருகை

தாமஸ் வில்லியம் ராபர்ட்சன் (1829 - 1871) நடிகர் குடும்பத்தில் பிறந்து, நடிகராகவும் பத்திரிகை எழுத்தாளராகவும் வறுமையில் உழன்றவர். அவர் எழுதிய 'சொசைட்டி' நாடகத்தை ஹேமார்க்கெட்டின் பக்ஸ்டன் பயனற்றது எனத் தள்ளிவிட்டார். மேரிக்கு வேடம் தர மறுத்தவரும் இவரே என்பது குறிப்பிடத்தக்கது. லிவர்பூலில் ஒருமுறை அரங்கேறியிருந்த அந்நாடகத்தைப் பைரன் மேரியிடம் கொண்டுவந்தார். அதில் எழுத்தாளர்கள் கூடும் விடுதி ஒன்றைக் கேலி செய்யும் காட்சி இருந்தது. பத்திரிகை விமர்சகர்கள் சினம் கொள்வார்கள் எனப் பலர் எச்சரித்தனர். மேரி துணிந்து அதை ஏற்றார். நவம்பர் 11, 1865 அன்று அரங்கேறிய 'சொசைட்டி' ஏறத்தாழ 150 இரவுகள் நடந்தது.

இதைத் தொடர்ந்து ராபர்ட்சன் இவ்வரங்குக்காக எழுதிய நாடகங்கள் வருமாறு:

* அவர்ஸ் (1866)
* காஸ்ட் (1867)
* பிளே (1868)
* ஸ்கூல் (1869)
* எம்.பி. (1870)

இவற்றுள் 'ஸ்கூல்' முதல் முறை ஆடப்பட்டபோதே 381 இரவுகள் ஓடியது. ராபர்ட்சனுக்கு 'சொசைட்டி'க்காக ஓர் இரவுக்கு ஒரு பவுண்டு வழங்கப்பட்டது. பின்னர் இத்தொகை ஐந்து பவுண்டு வரை உயர்ந்தது. ஒரு நாடகத்தை மொத்தமாகச் சிறு தொகைக்கு விற்றுவிடும் வழக்கத்தோடு ஒப்பிடுகையில், ஆடும் ஒவ்வோர் இரவுக்கும் எழுத்தாளருக்குப் பணம் தரும் இம்முறை அவருக்கு நிலையான வருவாயைத் தந்தது. ஆனால் அவர் அதை நெடுநாள் துய்க்கவில்லை. பிப்ரவரி 1871இல், தமது 42ஆவது அகவையில் இறந்தார்.

'கோப்பையும் தட்டும்' நாடகங்கள்

ராபர்ட்சனின் நாடகங்களுக்கு 'கோப்பையும் தட்டும்' நாடகங்கள் என்ற பெயர் ஏற்பட்டது. பாத்திரங்கள் மேடையில் தேநீர் ஊற்றிக் குடிப்பதும், உரையாடிக்கொண்டே ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதும் இப்பெயருக்குக் காரணம். அதுவரை மேடையில் கதவுகள் திரைத்துணியில் வரையப்பட்டிருந்தன. இங்கே கைப்பிடியும் பூட்டும் உள்ள மெய்யான கதவுகள் அமைந்தன. அறைகளுக்கு மேற்கூரை இருந்தது. 'அவர்ஸ்' நாடகத்தின் மூன்றாம் அங்கம் கிரிமியப் போர்முனையில் உள்ள ஒரு குடிசையில் நிகழ்கிறது. அங்கே கதவு திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து பனித்துகள் உள்ளே வீசும். அதே குடிசையில் மேரி நெட்லி என்னும் பெண்ணாக நடித்த மேரி வில்டன், மாவு பிசைந்து இனிப்புப் பலகாரம் செய்வது இரசிகர்களை மிகவும் கவர்ந்த காட்சியாகும்.

பொருள்களைவிட முக்கியமானது நடிப்பு முறை. அவைக்கு முன் வந்து நின்று முழங்கும் பழைய பாணி கைவிடப்பட்டது. பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டனர். குறைந்த சொற்களும் மௌனங்களும் சிறு செயல்களும் கதையை நகர்த்தின. இதற்கு நீண்ட ஒத்திகை தேவைப்பட்டது. ராபர்ட்சன் தம் நாடகங்களின் ஒத்திகையைத் தாமே நடத்தினார். எவரும் தனித்து மின்னாமல் அனைவரும் ஒரு முழுமையின் உறுப்புகளாக அமைய வேண்டும் என்பது குழுவின் கொள்கை. குழுவின் தலைவியான மேரியே பல நாடகங்களில் கதைத் தலைவி வேடத்தை மற்றொருவருக்கு விட்டுக்கொடுத்து, துணைத் தலைவியாக நடித்தார்.

'காஸ்ட்' நாடகம்

ராபர்ட்சனின் நாடகங்களுள் பெரிதும் போற்றப்படுவது ஏப்ரல் 6, 1867 அன்று அரங்கேறிய 'காஸ்ட்' ஆகும். இத்தலைப்பு 'சாதி' என்னும் பொருளுடையது. போர்த்துக்கீச மொழியிலிருந்து வந்து, இந்தியச் சமூகத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கிய இச்சொல்லை ராபர்ட்சன் இங்கிலாந்தின் வகுப்பு வேற்றுமைகளுக்குப் பயன்படுத்தினார். உயர்குடியைச் சேர்ந்த படைவீரர் ஜார்ஜ் டால்ராய், ஒரு குடிகாரரின் மகளும் நடன மாதுமான எஸ்தரை மணக்கிறார். பின்பு படையுடன் இந்தியா செல்கிறார். அங்கு இறந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. குழந்தையோடு தனித்திருக்கும் எஸ்தரிடமிருந்து அக்குழந்தையைப் பெற்றுச் செல்ல ஜார்ஜின் தாயாகிய சீமாட்டி முயல்கிறார். இறுதியில் ஜார்ஜ் உயிருடன் திரும்புகிறார்.

இதில் மேரி வில்டன் ஏற்றது எஸ்தரின் தங்கை பாலி எக்கிள்ஸ் வேடம். துடுக்கும் வாய்ச்சாலமும் நல்ல உள்ளமும் கொண்ட இப்பாத்திரத்தில் கேலி நாடக மேடையின் துள்ளலுக்கும் இடம் இருந்தது. ஜார்ஜ் உயிருடன் இருப்பதை அக்காளுக்கு அதிர்ச்சியின்றிப் படிப்படியாக உணர்த்தும் காட்சியில் கண்ணீருக்கும் சிரிப்புக்கும் இடையே நடிக்க வேண்டியிருந்தது. சிறுவன் வேடத்தில் கற்ற கலையும், அவர் வேண்டி நின்ற புதிய நாடகமும் இப்பாத்திரத்தில் ஒன்றுகூடின. ராபர்ட்சன் இந்நாடகத்தை மேரிக்கே காணிக்கையாக்கினார்.

திருமணமும் நிருவாகமும்

1867இல் பைரன் பங்காளி நிலையிலிருந்து விலகினார். அவ்வாண்டு டிசம்பரில் மேரி வில்டனும் ஸ்குவையர் பான்கிராஃப்டும் திருமணம் செய்துகொண்டனர். அது முதல் கணக்கு வழக்குகளையும், ராபர்ட்சனின் மறைவுக்குப் பின் மேடை ஒழுங்கையும் பான்கிராஃப்ட் பெரிதும் கவனித்துக்கொண்டார். நாடகத் தேர்வு, நடிகர் தேர்வு, ஒத்திகை ஆகியவற்றில் இருவரும் சேர்ந்து இயங்கினர். இவர்களுடைய மகன் ஜார்ஜ் பான்கிராஃப்ட் பிற்காலத்தில் நாடகாசிரியராக விளங்கினார்.

இக்காலத்தில் 'இயக்குநர்' என்று தனியொருவர் நாடக அரங்கில் இருக்கவில்லை. அரங்கை நடத்துபவரே நாடகத்தைத் தெரிவு செய்து, வேடங்களைப் பகிர்ந்து, ஒத்திகையையும் மேடையமைப்பையும் மேற்பார்த்தார். எனவே மேரி வில்டனை இயக்குநர் எனக் குறிப்பிடும்போது இந்தப் பரந்த பொருளிலேயே கொள்ள வேண்டும்.

இவர்கள் நிருவாகத்தில் நடிகர்களின் நிலை உயர்ந்தது. சனிக்கிழமை தோறும் சம்பள அறையின் முன் காத்து நிற்கும் வழக்கம் நீக்கப்பட்டு, சம்பளம் நடிகரின் ஒப்பனை அறைக்கே கொண்டுசென்று தரப்பட்டது. நடிகைகளின் மேடை உடைகளுக்கான செலவை அரங்கே ஏற்றது. 'காஸ்ட்' நாடகத்தில் குடிகாரத் தந்தையாக நடித்த ஜார்ஜ் ஹனிக்கு 1867இல் வாரம் 18 பவுண்டு சம்பளம். பின்னாளில் அதே நாடகம் மீண்டும் ஆடப்பட்டபோது அவருக்கு வாரம் 60 பவுண்டு தரப்பட்டது. மறுபுறம், முன்வரிசை இருக்கைக் கட்டணமும் ஏறியது. 1874இல் அது பத்து சில்லிங் ஆயிற்று.

ராபர்ட்சனுக்குப் பின்

ராபர்ட்சனின் மறைவு அரங்குக்குப் பேரிழப்பாக அமைந்தது. அவருக்கு நிகரான புதிய எழுத்தாளர் கிடைக்கவில்லை. பழைய நாடகங்களின் மறு அரங்கேற்றங்களும் பிரெஞ்சு நாடகங்களின் தழுவல்களும் இடத்தை நிரப்பின. லிட்டனின் 'மணி' (1872), வில்கி காலின்ஸின் 'மேன் அண்ட் வைஃப்' (1873), ஷெரிடனின் 'ஸ்கூல் ஃபார் ஸ்காண்டல்' (1874) ஆகியவை குறிப்பிடத்தக்கவை. கில்பர்ட் எழுதிய 'ஸ்வீட்ஹார்ட்ஸ்' (1874) என்னும் குறு நாடகத்தில் மேரி ஏற்ற ஜென்னி நார்த்காட் வேடம் இளமையையும் முப்பது ஆண்டுகளுக்குப் பிந்தைய முதுமையையும் காட்டுவதாகும். இவ்வேடம் அவருக்குப் பெரும் பாராட்டைப் பெற்றுத் தந்தது. சார்தூவின் பிரெஞ்சு நாடகத்தைத் தழுவிய 'டிப்ளமசி' (1878) வணிக முறையில் வெற்றி பெற்றது.

1875இல் ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' அரங்கேறியது. போர்ஷியா வேடத்துக்கு எல்லன் டெரி அழைக்கப்பட்டார். வெனிஸ் நகரக் கட்டடங்களை ஒத்த அழகிய காட்சியமைப்பு இருந்தபோதும், ஷைலாக் பாத்திரம் சரியாக அமையாததால் நாடகம் 36 காட்சிகளோடு நின்றது. பண இழப்பு ஏற்பட்டது. ஆயினும் எல்லன் டெரியின் போர்ஷியா நகரெங்கும் பேசப்பட்டது. மூன்றாண்டுகளுக்குப் பின் ஹென்றி இர்விங்கின் லைசியம் அரங்கில் அவர் தலைமை நடிகையாவதற்கு இப்புகழ் துணைபுரிந்தது.

ஹேமார்க்கெட் அரங்கு

டாட்டன்ஹாம் தெரு அரங்கு சிறியதாக இருந்ததால், 1880இல் பான்கிராஃப்ட் இணையர் ஹேமார்க்கெட் அரங்குக்கு மாறினர். ஒருகாலத்தில் மேரிக்கு வேடம் தர மறுத்த அதே அரங்கு இப்போது அவருடைய பொறுப்பில் வந்தது. சுமார் 20,000 பவுண்டு செலவில் உட்புறம் மாற்றியமைக்கப்பட்டது. மேடையின் நான்கு பக்கங்களையும் சுற்றிப் பொன்முலாம் பூசிய சட்டம் அமைக்கப்பட்டதால், நாடகம் சட்டமிட்ட ஓவியம் போலத் தோன்றியது. நடிகரையும் அவையையும் பிரிக்கும் 'நான்காம் சுவர்' என்னும் கருத்து கட்டட வடிவம் பெற்றதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

இம்மாற்றத்தில் 'பிட்' நீக்கப்பட்டது. பிட் என்பது தரைத்தளத்தில் மேடைக்கு அருகே இருந்த மலிவான பெஞ்சு இருக்கைகளாகும். நாடகத்தை நன்கறிந்த எளிய மக்கள் தலைமுறை தலைமுறையாக அமர்ந்த இடம் அது. அவர்கள் மேல் மாடிக்கு அனுப்பப்பட்டு, தரைத்தளம் முழுவதும் விலை மிகுந்த இருக்கைகளாக மாறியது. சனவரி 31, 1880 அன்று திறப்பு விழாவில், பிட் எங்கே என்ற கூச்சல் எழுந்தது. சுமார் இருபது நிமிடங்கள் நாடகத்தைத் தொடங்க முடியவில்லை. பான்கிராஃப்ட் மேடைக்கு வந்து விளக்கம் தர நேர்ந்தது. செலவு மிகுந்த நாடகங்களை அத்தகைய மலிவுக் கட்டணத்தில் நடத்த இயலாது என்பது அவர் தரப்பு வாதம்.

ஐந்தாண்டுகளுக்குப் பின், சூலை 20, 1885 அன்று இருவரும் நிருவாகத்திலிருந்து ஓய்வு பெற்றனர். மேரிக்கு அப்போது அகவை 46. இருபது ஆண்டுகளில் கிடைத்த இலாபம் ஏறத்தாழ 180,000 பவுண்டு எனக் கணக்கிடப்பட்டது. அரங்க முதலாளிகள் கடனாளிகளாக முடிவது வழக்கமாயிருந்த காலத்தில் இது அரிய செய்தியாகும். ராபர்ட்சனின் நாடகங்கள் மட்டும் இவர்கள் நிருவாகத்தில் ஏறத்தாழ 3,000 முறை ஆடப்பட்டன.

பிற்கால வாழ்க்கை

ஓய்வுக்குப் பின் மேரி சில முறை மட்டுமே மேடையேறினார். 1893இல் 'டிப்ளமசி'யின் மறு அரங்கேற்றத்தில் நடித்தார். சில நாடகங்களையும் ஒரு புதினத்தையும் எழுதினார். கணவருடன் இணைந்து 1888இலும் 1909இலும் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டார். விக்டோரியா கால அரங்க வரலாற்றுக்கு இவை முக்கியச் சான்றுகளாக விளங்குகின்றன.

1897இல் ஸ்குவையர் பான்கிராஃப்டுக்குச் 'சர்' பட்டம் வழங்கப்பட்டது. இர்விங்கை அடுத்து இப்பட்டம் பெற்ற நடிகர் இவர். மேரி 'லேடி பான்கிராஃப்ட்' ஆனது கணவரின் பட்டத்தால் மட்டுமே. மேரி மே 22, 1921 அன்று காலமானார். பான்கிராஃப்ட் 1926இல் மறைந்தார்.

மதிப்பீடு

மேரி வில்டனின் அரங்கு ஆங்கில நாடகத்தை இயல்புநிலைக்கு அருகே கொண்டுவந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ராபர்ட்சனின் ஒத்திகை முறையிலிருந்து கில்பர்ட் கற்றுக்கொண்டார். ஹேமார்க்கெட்டில் நடிகராக இருந்த ஆர்தர் விங் பினேரோ, 1898இல் எழுதிய 'டிரெலானி ஆஃப் தி வெல்ஸ்' நாடகத்தில் ராபர்ட்சனை டாம் ரென்ச் என்ற பாத்திரமாகப் படைத்தார். அதில் சொந்தமாக அரங்கு எடுத்து நடத்தும் நடிகை இமோஜன் பாரட், மேரி வில்டனை மனத்திற்கொண்டு வரையப்பட்டவர் எனக் கருதப்படுகிறது.

குறைகளும் சுட்டப்படுகின்றன. மேடையில் மெய்யான கதவுகளும் தேநீரும் வந்தாலும், நாடகங்கள் காட்டிய வாழ்க்கை இனிமைப்படுத்தப்பட்டதே என்பர். 'காஸ்ட்' வகுப்பு வேற்றுமையைப் பேசினாலும் அதைக் குலைக்கவில்லை. நடுத்தர வகுப்பினரை அரங்குக்குள் அழைத்த அதே நிருவாகம் எளிய மக்களை மேடையிலிருந்து தொலைவில் தள்ளியது என்னும் குற்றச்சாட்டும் உண்டு.

மற்றொரு வினா, பெருமை யாருக்கு உரியது என்பது. பல நூல்கள் இச்சாதனைகளைப் 'பான்கிராஃப்டுகள்' என்னும் பொதுப்பெயரிலோ ஸ்குவையரின் பெயரிலோ குறிப்பிடுகின்றன. ஆனால் கடன் வாங்கியது, அரங்கைத் தேர்ந்தெடுத்தது, ஸ்குவையரை வேலைக்கு அமர்த்தியது, 'சொசைட்டி'யை ஏற்கத் துணிந்தது ஆகிய அனைத்தும் திருமணத்திற்கு முன் மேரி வில்டன் எடுத்த முடிவுகள். பின்னாளைய வளர்ச்சியில் கணவரின் நிருவாகத் திறனுக்குப் பெரும் பங்கு உண்டு. தொடக்கம் மேரியுடையது.

அரங்குக் கட்டடம்

பான்கிராஃப்ட் இணையர் வெளியேறிய பின் டாட்டன்ஹாம் தெரு அரங்கு 1882இல் மூடப்பட்டது. சில காலம் இரட்சணிய சேனையின் பயன்பாட்டில் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டு அங்கே ஸ்காலா அரங்கு கட்டப்பட்டது. பீட்டில்ஸ் இசைக்குழுவினர் நடித்து 1964இல் வெளிவந்த 'எ ஹார்ட் டேஸ் நைட்' திரைப்படத்தின் இசை நிகழ்ச்சிக் காட்சிகள் ஸ்காலா அரங்கில் படமாக்கப்பட்டவை. அக்கட்டடமும் 1969இல் இடிக்கப்பட்டது. ஹேமார்க்கெட் அரங்கு இன்றும் இயங்கி வருகிறது.

ஏற்ற முக்கிய வேடங்கள்

* 1856 - ஹென்றி (பெல்ஃபிகோர்)
* 1858 - பிப்போ (மெய்ட் அண்ட் தி மாக்பை)
* 1861 - அலாவுதீன் (அலாவுதீன்)
* 1865 - மாட் ஹெதரிங்டன் (சொசைட்டி)
* 1866 - மேரி நெட்லி (அவர்ஸ்)
* 1867 - பாலி எக்கிள்ஸ் (காஸ்ட்)
* 1869 - நவோமி டை (ஸ்கூல்)
* 1874 - லேடி டீசில் (ஸ்கூல் ஃபார் ஸ்காண்டல்)
* 1874 - ஜென்னி நார்த்காட் (ஸ்வீட்ஹார்ட்ஸ்)
* 1875 - பெக் வாஃபிங்டன் (மாஸ்க்ஸ் அண்ட் ஃபேசஸ்)
* 1878 - கவுன்டெஸ் சிக்கா (டிப்ளமசி)

இவற்றையும் பார்க்க

* தாமஸ் வில்லியம் ராபர்ட்சன்
* எல்லன் டெரி
* மேடம் வெஸ்ட்ரிஸ்
* ஹேமார்க்கெட் அரங்கு